இரண்டாவது பலகை

என் கணவர் என்னை மட்டும் நம்பிச் சொன்ன ஒன்றை நான் வெளியே விட்டுவிட்டேன். வாயால் சொன்னது இரண்டே பதில். மீதியைச் சுண்டுவிரல் உயரமுள்ள இரண்டு பிளாஸ்டிக் பொம்மைகள் சொல்லின. அவற்றுக்கு உடுப்புத் தீட்டியவள் நான். கண் எழுதியவளும் நான்தான்.

ஐந்து வருடம் ஆகிறது. அவருக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் சொல்லத் துணியாதவள் முகம் தெரியாத உங்களிடம் வந்து சொல்வதில் என்ன பெருமை என்று நீங்கள் கேட்கலாம். பெருமை ஒன்றும் இல்லை... யாரிடமாவது சொல்லாமல் இனி முடியாது, அவ்வளவுதான்.

என் பெயர் கொளஞ்சியம்மாள். விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டி வரிசையாக நிற்கும் பீங்கான் கொட்டகைகளில் ஒன்றில் எனக்கு வண்ணம் தீட்டும் வேலை. அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் சுட்டு வரும் பொம்மைகளுக்கு நான் கண் எழுதுவேன். மான், வாத்து, கிருஷ்ணன், செட்டியார்... எதுவானாலும் கண் என்னுடையது. நான் எழுதினால் பொம்மை திரும்பிப் பார்க்கும் என்று கூட வேலை செய்யும் பெண்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு கர்வம் வளர்ந்திருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

என் கணவர் ராசேந்திரன் பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர். எழுபத்தொன்றில் மேற்கு எல்லையில் நடந்த சண்டையில் இருந்தார். மறு வருடம் பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பினார். எங்கள் கொட்டகைகளுக்கு நெய்வேலிப் பக்கமிருந்து மண் ஏற்றி வரும் லாரியில் வேலை கிடைத்தது. வந்ததிலிருந்து பேச்சே குறைந்துபோயிற்று. சண்டையைப் பற்றி யார் கேட்டாலும், அங்கே குளிர் அதிகம் என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஒரே வீட்டுக்குள் ஒரு வருடம்... அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது!

முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. மூடியில், டாங்கிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்களின் படம். எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. உள்ளே சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள். சட்டத்தில், கொடியில் பிஞ்சு தொங்குவதுபோல, தலை தனியாக, கை தனியாக, கால் தனியாக... எட்டு ஆட்களுக்கு வேண்டிய உறுப்புகள்! பழைய உலகப்போரில் டாங்கிக்குள் இருந்த ஜெர்மன்காரர்களாம். வெட்டி எடுத்து, கூடவே இருந்த பசையால் ஒட்டினால் ஆள் எழுந்து நிற்பானாம்.

நான் ஒரு கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். விரல் ஐந்தும் தனித்தனியாக இருந்தன. விரல் நுனியில் நகம்! நம்புவீர்களா? மணல் அளவுகூட இராத நகம்! சட்டையில் மடிப்பு, மடிப்புக்குள் பொத்தான், பொத்தான் இழுக்கிற இடத்தில் ஒரு சுருக்கம்... எங்கள் அச்சிலிருந்து வரும் பொம்மைக்கு ஐந்து விரலும் ஒட்டிக்கொண்டு கரண்டிபோல இருக்கும். இதைச் செய்தவன் யாரோ, எந்த ஊரோ, அவன் கையைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

முதலாளிக்கு ஒரு யோசனை. சண்டைக்குப் பிறகு கொலுவில் வைக்கச் சிப்பாய் பொம்மை கேட்கிறார்கள். நான்கு ஆட்களை நம் ஆட்களாக மாற்றி ஒரு மாதிரி செய்து கொடுத்தால், அதைப் பார்த்துப் பெரிய அச்சு எடுத்துக்கொள்ளலாம். வேண்டிய விவரத்தை வீட்டுக்காரரிடமே கேட்டுக்கொள் என்று சொல்லிப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்.

கோயில் பிரசாதத்தை ஏந்திப் போவதுபோல வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

முதல் இரண்டு நாள் அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நான் ஒரு தலைக்குத் தொப்பி ஒட்டிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் நின்றார். பார்த்தார். நகர்ந்தார். மறுபடியும் வந்தார்.

"அது அப்புடி இருக்காது," என்றார்.

என் கையிலிருந்து வாங்கி, தொப்பியை வலப்பக்கம் சாய்த்து, கட்டை விரலால் மெல்ல அழுத்தினார். அவ்வளவுதான்... அது நம் ஆளாகிவிட்டது! நான் கத்தியே விட்டேன். அவர் சிரித்தார். எத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு!

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் எங்கள் வீட்டுக் கூடத்தில் பட்டறைதான். கம்பியைச் சூடாக்கிக் காலை வளைப்போம். சட்டைக் கழுத்தைப் பிளேடால் செதுக்குவோம். லாரிக்கு ஒடுக்கு எடுக்கிறவர்கள் பள்ளத்தை நிரப்ப அப்புகிற பட்டிப் பசையைக் கேட்டு வாங்கிவந்து புது மடிப்பு வைப்போம். பழைய ரேடியோவின் செப்பு இழையைப் பிரித்துக் காதில் மாட்டும் கருவிக்கு ஒயர் செய்தோம். கறுப்பு மேலங்கி, இடுப்பில் பெல்ட்டு, முழங்காலில் எண்ணெய்க் கறை... கறை எங்கே படும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது! அவர் சொல்லச் சொல்ல நான் தீட்டினேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டதில்லை.

யார் அந்த நான்கு பேர் என்பதும் தானாகவே முடிவாகிவிட்டது. அவருடைய டாங்கியில் இருந்த நால்வர். மேலே நின்று உத்தரவு போட்ட வடக்கத்தி அதிகாரி, பீரங்கியைச் சுட்ட மலையாளி, குண்டை எடுத்துக் குழலில் திணித்த கலியமூர்த்தி, கீழே முன்பக்கம் உட்கார்ந்து ஓட்டிய இவர். நால்வரில் திரும்பி வந்தவர் இவர் ஒருவர்தான்.

கலியமூர்த்தி நம் பக்கத்து ஆள். ஸ்ரீமுஷ்ணத்தை ஒட்டிய ஒரு கிராமம். அவருடைய மனைவி அஞ்சலைக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இராது. விருத்தாசலத்துக்கு ஏதாவது வேலையாக வந்தால் எங்கள் வீட்டுக்கும் வருவாள். வயலில் விளைந்ததைக் கொஞ்சம் பையில் எடுத்துக்கொண்டுதான் வருவாள். என்னை அக்கா என்பாள், அவரை அண்ணன் என்பாள். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்பாள். அவர் எப்படி இறந்தார்? என் கணவரும் ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்வார். குண்டு விழுந்தது, ஒரே நொடி, கலியமூர்த்திக்கே தெரிந்திருக்காது. தன்னை மட்டும் குண்டின் வேகம் வெளியே தூக்கி எறிந்துவிட்டது. அதைக் கேட்டால் அவள் முகம் தெளியும். பஸ் ஏறிப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவரிடம் ஒன்று கேட்டேன். குண்டு திணிக்கிறவர் மேல்வாசல் வழியாக வெளியே வரும்போது எந்தக் கையை முதலில் ஊன்றுவார்? பொம்மைக்காகத்தான் கேட்டேன். சத்தியமாகப் பொம்மைக்காகத்தான்...

அவர் பட்டி உருண்டையை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், சொல்ல ஆரம்பித்தார்.

குண்டு விழுந்தது உண்மை. அதிகாரியும் மலையாளியும் அந்த நொடியிலேயே போனதும் உண்மை. ஆனால் இவரை எதுவும் தூக்கி எறியவில்லை. ஓட்டுகிறவருக்கு முன்பக்கம் தனி வாசல் உண்டு. அதன் வழியாக இவரே குதித்தார். ஓடினார். ஐம்பது அடி தள்ளி ஒரு கரும்புத் தோட்டம். அதற்குள் விழுந்து படுத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் டாங்கியின் மேல்வாசலில் கலியமூர்த்தி. இடுப்புவரை வெளியே வந்திருக்கிறார். கால் உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது. கீழே புகை. ஒரு கையைத் தூக்கி, ராசு, ராசு என்று இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

இவர் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்ச நேரம் கூப்புட்டான் கொளஞ்சி. அப்புறம் கூப்புடல," என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் என்னை வெறுத்தாலும் சரி. அவருடைய கை என் கைக்குள் இருக்கிறது... என் கண்ணோ பெட்டிக்குள் போகிறது! அந்த எட்டுப் பேரில் இடுப்புவரை மட்டுமே செய்யப்பட்ட ஒருவன் இருந்தான். டாங்கியின் வாசலில் பொருத்துவதற்காகச் செய்த ஆள். ஒரு கையைத் தூக்கியபடி இருப்பான். அதுவரை அவனை எதற்கும் எடுக்கவில்லை. புருஷன் நெஞ்சைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது மனம் ஒரு அரைப் பொம்மையைத் தேடுமா? என் மனம் தேடியது.

நான்கு பேர் நிற்கும் பலகையை முடித்துக் கொடுத்தோம். முதலாளி துள்ளினார். பார்த்து அச்சு எடுத்தார்கள். அந்த வருட நவராத்திரிக்கு எங்கள் சிப்பாய்கள் பீங்கானில் பட்டணத்துக்குப் போனார்கள். முதல் பலகையையும் பெட்டியில் மிச்சமிருந்தவர்களையும் முதலாளி என்னிடமே கொடுத்துவிட்டார். பலகையை வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

ஆனால் எனக்கு அடங்கவில்லை. அவர் லாரியில் போயிருக்கும் நாட்களில், வேலை விட்டு வந்ததும், இரண்டாவது பலகையைத் தொடங்கினேன். களிமண்ணில் டாங்கியின் மேல்பகுதி. அதில் வட்டமாக ஒரு வாசல். வாசலில் அந்த அரை ஆள். வாயைப் பிளேடு முனையால் திறந்தேன். ஊசி முனை அளவுக்கு ஒரு கறுப்பு... அவன் கூப்பிட்டான்! ஒரு சாண் தள்ளித் துடைப்பக் குச்சியை நட்டு, வைக்கோலைக் கீறித் தோகை ஒட்டிக் கரும்பு வைத்தேன். கரும்புக்குள் குப்புறப் படுத்திருக்கும் ஒருவன். முகத்தை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த முகம் பட்டாணி அளவுதான். அதில் என் கணவரின் மூக்கைக் கொண்டுவந்தேன். கண்ணை எழுத மூன்று நாள் ஆயிற்று. நான் பிறந்ததிலிருந்து செய்ததில் அதுதான் சிறந்த வேலை! இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

துணி மூடி, பீரோவின் அடித்தட்டில் ஒளித்துவைத்தேன். ஒளிக்கவேண்டியது என்று தெரிந்துதானே ஒளித்தேன்?

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் அஞ்சலை வந்தாள். அவர் மண் ஏற்றப் போயிருந்தார். எனக்கு அன்றைக்கு லீவு. தண்ணீர் குடித்துவிட்டுச் செம்பை வைத்தவள் ரேடியோ பக்கம் திரும்பினாள். அவளே நேராகப் போய் மூன்றாவது ஆளுக்கு முன்னால் நின்றாள்.

"இது அவரு," என்றாள்.

அவள் முன்பு காட்டிய கல்யாணப் போட்டோவில் கலியமூர்த்தி இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நிற்பார். அதை ஞாபகம் வைத்து நான் இறக்கியிருந்தேன். அதை அவள் கண்டுகொண்டாள்! அழுதாள், சிரித்தாள், விரல் நுனியால் அந்தத் தோளைத் தொட்டாள். உங்கள் கையில் சாமி இருக்கிறது அக்கா என்றாள். ஆயிரக்கணக்கான பொம்மைக்குக் கண் எழுதியிருக்கிறேன். ஒருத்தரும் என் வேலைக்கு முன்னால் அப்படி நின்றதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடம்பெல்லாம் பறந்தது...

அந்தப் பறப்பில்தான் பீரோவைத் திறந்தேன்.

உண்மை அவளுக்குத் தெரியட்டும் என்றா எடுத்தேன்? நீங்கள் எனக்காக அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் ஒருமுறை புகழட்டும் என்று எடுத்தேன். இதைவிட நல்லது ஒன்று செய்து வைத்திருக்கிறேன், பார் என்று எடுத்தேன். துணியை நீக்கி அவள் முன்னால் வைத்தேன்.

அவள் உட்கார்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கையைத் தூக்கியவன் யார் என்று கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரும்பைத்தான் காட்டினாள்.

"இதுக்குள்ள படுத்திருக்கிறது யாருக்கா?"

எங்கள் வீட்டுக்காரர் என்றேன். சொன்னேனே! முகச்சாயல் சரியாக வந்திருக்கிறதா என்று வேறு கேட்டேன்... அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

"அப்பன்னா அவரு உசுரோட இருந்தாரா?" என்றாள்.

அப்போதாவது பொய் சொல்லியிருக்கலாம். சும்மா கற்பனையாகச் செய்தது, பெட்டியில் மிச்சம் இருந்த பொம்மை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். நம்பத்தான் அவள் காத்திருந்தாள். அத்தனை நாள் என் கணவர் எத்தனை முறை அந்தப் பொய்யைப் பொறுமையாகச் சொல்லியிருப்பார்! என்னால் ஒரே ஒரு முறை சொல்ல முடியவில்லை.

"கொஞ்ச நேரம்," என்றேன்.

அவள் டாங்கி வாசலிலிருந்து அந்த அரை ஆளை மெல்லப் பிடுங்கினாள். இதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். கொண்டுவந்த பையைக்கூட மறந்துவிட்டுப் போனாள். உள்ளே கேழ்வரகு இருந்தது.

மறுநாள் மிச்சப் பலகையைக் கொட்டகைக்கு எடுத்துப்போய், யாரும் பார்க்காதபோது சூளை நெருப்பில் போட்டேன். கரும்பு எரிந்தது. அவர் முகம் எரிந்தது. பிளாஸ்டிக் நாற்றம் வெகுநேரம் போகவில்லை. எதை எரித்து என்ன...

பொங்கல் வந்தது, போயிற்று. அஞ்சலை வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். மறுபடி கேட்டார். அறுப்பு வேலையாக இருக்கும் என்றேன். ஒரு நாள் அவரே பழம் வாங்கிக்கொண்டு அவள் ஊருக்குப் போனார். தடுக்க வழி தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார். பழம் அப்படியே பையில் இருந்தது. அஞ்சலை தண்ணீர் கொடுத்தாளாம். நிலைப்படியில் நின்று, இனிமேல் வராதீங்க அண்ணா என்றாளாம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். தொட்டியில் தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"என் மூஞ்சியப் பாத்தா தெரியுதா கொளஞ்சி?" என்றார்.

ஒன்றும் தெரியவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஒவ்வொரு முறையும் பொய் சொல்லச் சொல்ல முகம் காட்டிக்கொடுத்துவிட்டது, அவள் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். இப்படித்தான் அவர் முடிவு செய்துகொண்டார். அன்றிலிருந்து யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் கடைசி வரிசையில் உட்காருகிறார். தூரத்து லோடு என்றால் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். தன் முகத்தையே பகையாக நினைத்து வாழ்கிறார் மனிதர். உங்கள் முகம் ஒரு பாவமும் செய்யவில்லை, செய்தது என் கை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஐந்து வருடத்தில் அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? நான்தான் நம்பவேண்டும்...

போன மாதம் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணம். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். அவர் எனக்குப் பூ வாங்கப் போனார். அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து நின்றது அஞ்சலை. முன்னைவிட இளைத்திருந்தாள். நலம் விசாரித்தாள். அந்தப் பொம்மை இன்னும் தன்னிடம் இருக்கிறது என்றாள். அண்ணன் மேல் கோபம் ஒன்றும் இல்லை என்றாள். அவரைப் பார்த்தால் ஒன்றைக் கேட்டுவிடுவோமோ என்று பயந்துதான் வரவேண்டாம் என்று சொன்னாளாம்.

"நீங்க கேட்டுச் சொல்றீங்களாக்கா? கொஞ்ச நேரம்னு சொன்னீங்கல்ல... அது எம்மா நேரம்? நானா ஒண்ணொண்ணு நெனச்சிக்கிட்டு கெடக்குறேன். இம்மா நேரம்னு தெரிஞ்சா அதோட நின்னுடும்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அதை அவரிடம் எப்படிக் கேட்பேன்? கேட்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். சொன்னால் அவள் கோபப்படவில்லை என்பதும், அவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்கு நிம்மதி வரும். அவளுக்கும் ஒரு பதில் கிடைக்கும். இழக்கப்போவது நான் ஒருத்திதான். தெரிகிறது... நன்றாகவே தெரிகிறது!

அவர் பூவோடு வந்தார். போகிறவளின் முதுகு மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

"யாரு, ஒங்கிட்ட பேசிட்டுப் போறது?" என்றார்.

"யாரோ... ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டாங்க."

"அது நாலே காலுக்கு இருக்குது. போயி சொல்லிட்டு வரட்டா?"

வேண்டாம் என்றேன். பூவைக் கொடுத்தார், வைத்துக்கொண்டேன். பெண்ணாடம் பஸ் வந்தது. ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் இன்னும் கேட்கவில்லை.